சிடுமூஞ்சிப் பிரபுவும் தேன்மொழியின் கிரிவலமும்

ஊதுபத்தி, கொசுவர்த்தி, கொஞ்சம் ஈரம்... தேன்மொழி வாங்கி வரும் இங்கிலீஷ் நாவல்களைப் பிரித்தால் இந்த மூன்று வாசனையும் சேர்ந்து வரும்.

திருவண்ணாமலை ஆசிரமங்களில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள், ஊருக்குக் கிளம்பும்போது படித்த புத்தகங்களை அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவை பழைய பேப்பர் கடைக்கு வரும். தியானம், யோகா புத்தகங்களுக்கு நடுவே காதல் நாவல்களும் கிடக்கும். துறவு தேடி வந்தவர்களுக்கு இது எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

தேன்மொழி அப்போது எங்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். நான் கணக்கு. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா அக்கா என்று சுற்றி வருவாள்.

அவளுக்குப் பிடித்தது ஒரே வகைக் கதை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து. மாளிகை, குதிரை வண்டி, நடன விருந்து, முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒரு பிரபு. மதியம் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு முழுக் கதையும் சொல்லிவிடுவாள்.

அத்தனை கதையிலிருந்தும் ஒரு சூத்திரம் எடுத்து வைத்திருந்தாள். முதலில் முகம் சுளிக்கிறவன்தான் கடைசியில் உருகுவான். முதலிலேயே சிரித்துப் பேசுகிறவன் ஏமாற்றுக்காரன்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளையைப் பற்றி எனக்குப் பயமில்லை. அதை எல்லாக் கணக்கிலும் போடுகிற பிள்ளைதான் பயமுறுத்தும். வட்டத்தின் சூத்திரத்தைக் கொண்டுபோய் முக்கோணத்தில் போடுவான். ஏதோ ஒரு விடையும் வந்துவிடும்!

அந்த வருஷம் அவளைப் பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள்.

முதலாமவர் கீழ்பென்னாத்தூர். விவசாய ஆபீஸில் வேலை. வந்ததிலிருந்து சிரித்த முகம். கேசரியைப் பாராட்டினார், அவள் அப்பாவிடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைச்சல் பற்றிக் கேட்டார். தேன்மொழி மறுநாள் என்னிடம் சொன்னாள்: "ரொம்ப சிரிக்கிறாருக்கா. ஏதோ இருக்கு."

இரண்டாமவர் சென்னை, கம்பெனி உத்தியோகம். நாற்காலியைக் கர்சீப்பால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பஜ்ஜியைத் தொடவில்லை. அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"உள்ள எவ்ளோ ஆசை இருந்தா வெளிய அப்படி மறைப்பாரு!"

அம்மா இல்லாத பெண். அவள் விருப்பத்துக்கு அப்பா குறுக்கே நிற்க மாட்டார். இவள் சரி என்று சொன்னால் அதுதான் முடிவு.

சென்னைக்காரரின் அம்மா, வெற்றிலை பாக்கு மாற்றும் முன் இரண்டு வீட்டாரும் சேர்ந்து கிரிவலம் வரலாம் என்றார். ஒரு ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினோம். அந்தக் கதைகளில் பெண்ணுக்குத் துணையாக ஒரு பெரியம்மா கூடவே நடப்பாளாம். அந்த வேலை எனக்கு.

மாப்பிள்ளையின் அம்மா வேண்டுதலோடு வேகமாக முன்னே போய்விட்டார். நாங்கள் வெறுங்காலோடு நடக்க, மாப்பிள்ளை மட்டும் ஷூ போட்டிருந்தார். "கல்லு குத்தும்" என்பதுதான் அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. தேன்மொழி என் கையைக் கிள்ளினாள். பூட்ஸ்!

அடி அண்ணாமலை தாண்டியதும் அவள் அப்பாவின் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. நல்ல ரத்தம். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளை வாட்சைப் பார்த்தார். "நான் முன்னாடி போறேன்" என்று அந்தப் பக்கம் வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

தேன்மொழி முகத்தில் வெளிச்சம்.

"பாருங்களேன்... சொல்லாம போயி உதவி அனுப்புவாரு. கதைல அப்படித்தான்."

நம்ப மாட்டீர்கள், கொஞ்ச நேரத்தில் அதே ஆட்டோ திரும்பி வந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. தேன்மொழி ஓடிப்போய், அவர்தானே அனுப்பினார் என்று டிரைவரைக் கேட்டாள்.

அந்த மனுஷர் தயங்கினார். "அனுப்புனாருன்னு இல்லம்மா. 'அங்க ஒரு கெழவன் கால புடிச்சிகிட்டு ஒக்காந்திருக்கான், போயி ஜாஸ்தியா கேளு, வேற வழியில்லாம குடுப்பான்'னு சொல்லிட்டு எறங்குனாரு. எனக்கு மனசு கேக்கல, அதான் வந்தேன். நீங்க எப்பவும் குடுக்கறத குடுங்க."

அப்பா தலையைக் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்துவிட்டது.

தேன்மொழி அவர் பக்கத்தில் மண்டியிட்டு, கர்சீப்பை நனைத்துக் காலைக் கட்டினாள். ரொம்ப மெதுவாகக் கட்டினாள். பிறகு நிமிராமலே கேட்டாள்:

"அப்பா... கீழ்பென்னாத்தூர்காரங்களுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"இன்னும் சொல்லலமா. மறந்துட்டேன்."

எதையும் மறக்கிற மனுஷர் இல்லை அவர். மூன்று டீ சொன்னேன். அப்படி ஒரு டீயை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

கிரிவலம் அன்று பாதியில் நின்றது. அண்ணாமலையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கீழ்பென்னாத்தூர்காரர் கல்யாணத்தன்றும் சிரித்தார், இத்தனை வருஷம் கழித்து இன்னும் சிரிக்கிறார். தேன்மொழி எதிர்பார்த்த மோசடி இதுவரை வெளியே வரவில்லை.

இப்போது அவள் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அதே பிரபுக்கள், அதே குதிரை வண்டி... எல்லாம் அவள் போனில் சீரியலாக ஓடுகிறது. காதில் இயர்போனை மாட்டித் தனியாகப் பார்க்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்க ஆளில்லையே என்று எனக்குத்தான் சின்ன வருத்தம்.

போன மாதம் அவளுக்கு ஒரு வரன். இரண்டு பேரும் கொஞ்ச நாள் போனில் பேசிப் பார்த்தார்கள். ஒரு நாள் அவளே, "இது சரிப்படாதும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாளாம். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை.

தேன்மொழி எனக்குப் போன் போட்டாள். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஒக்காந்த எடத்துலயே தெரிஞ்சிடுச்சுக்கா. எனக்கு மலைய பாதி சுத்த வேண்டியிருந்துச்சு."