பர்கர் கடை வாசலில் என் டிபன் பாக்ஸ்

பர்கருக்கு மாடு வளர்க்க எங்கோ வெளிநாட்டில் மழைக்காடுகளை அழிக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. எம்.ஜி. ரோடு பக்கம் புதிதாக வந்த பர்கர் கடை முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறியல். சர்ச்சில் பூசை முடிந்ததும் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், தொண்டை வறளக் கத்தினேன்.

மதியம் எல்லாரும் நடைபாதையில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டோம். நானும் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறி வறுவல்தான்.

கூட்டத்தை நடத்திய மேடம் முகம் சுளித்தார். “சீ! நீங்க இதெல்லாம் சாப்பிடுவீங்களா? மொதல்ல மூடுங்க. இதுக்கு எதிராத்தானே போராடறோம்?”

“காட்டுக்காகன்னுதானே மேடம் கூப்டீங்க? இது எங்க ஏரியா கறிக்கடையில வாங்குனது. இந்த மாடு எந்தக் காட்ட அழிச்சிச்சு?”

பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் சோற்றை மெல்ல நகர்த்திக்கொண்டார்கள். இத்தனைக்கும் அந்தப் பர்கர் கடையில் விற்றது கோழியும் உருளைக்கிழங்கும்தான். மாட்டுக்கறி இருந்தது என் டப்பாவில் மட்டும்.

அங்கேயே உட்கார்ந்து கடைசித் துண்டுவரை தின்றுவிட்டுத்தான் எழுந்தேன். அந்தக் கடைக்குள் இன்றுவரை நான் கால் வைத்ததில்லை. அவர்கள் நடத்தும் கூட்டங்களுக்கும் அதன்பிறகு போகவில்லை. காட்டை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அவர்கள் சோற்றை நகர்த்தியதை நினைத்தால் அதைவிட அதிகமாக வருகிறது.