வாசலிலேயே தீர்ந்துபோன புளியோதரை

வெளியே போனால் சோற்றுக்குக் காசு கொடுப்பது அப்பாவுக்குத் தண்டச் செலவு. செங்கல்பட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் கட்டுச்சோறு கூடவே வரும். விடியுமுன் எழுந்து அதைக் கிளறுவது அம்மா. சிக்கனக்காரர் என்ற பெயர் மட்டும் அப்பாவுக்கு.

மகாபலிபுரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். நாங்கள் ரதங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, அம்மா மர நிழலில் சோற்றுத் தூக்குகளுக்குக் காவல் இருப்பாள். அங்கிருந்த சிற்பங்களைவிட அங்கிருந்த காக்காய்கள்தான் அவளுக்கு நன்றாகப் பழக்கம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கடற்கரைச் சாலைத் தீம் பார்க் ஒன்றுக்குப் போவதென்று முடிவானது. உள்ளே சோளா பூரி பந்து மாதிரி உப்பி வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாள்.

"ஒரு வேளையாவது நான் சமைக்காததை உக்காந்து சாப்பிடணும்ங்க" என்று அம்மா இரண்டு நாள் கேட்டாள்.

"உன் கைமணம் அவனுக்கு வருமா?" என்றார் அப்பா. மனைவியைப் புகழ்வதற்கு அவர் வாய் திறப்பது இப்படிக் காசு மிச்சமாகும் சமயங்களில்தான்.

அன்றும் புளியோதரை, தயிர்சாதம். இரண்டு பஸ் மாறி வாசலில் போய் இறங்கினோம். செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார்.

"இன்னா சார் இது? வெளிச் சாப்பாடு எத்துகினு போவக் கூடாது. போர்டு போட்டுகீது பாரு."

அப்பா பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டார். "சாப்பாடு இல்லப்பா. பெருமாள் கோயில் பிரசாதம்."

செக்யூரிட்டியின் கை சட்டென்று பின்வாங்கியது. தொப்பியைக் கழற்றினார், பூட்ஸையும் கழற்றினார். அப்பா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அதோடு பையை மூடியிருக்கலாம். ஆனால் செக்யூரிட்டி வலது கையைக் குழித்து, இடது கையைக் கீழே கொடுத்து நீட்டிவிட்டார்.

"கொஞ்சம் குடு சார். காலைல நாஸ்தாகூட துன்னல."

பிரசாதம் கேட்டு நீட்டிய கைக்கு இல்லை என்று சொல்ல எந்த ஊர் சிக்கனக்காரராலும் முடியாது. அம்மா கரண்டியை எடுத்தாள். பின்னால் அச்சரப்பாக்கத்திலிருந்து வேனில் வந்த ஒரு பெரிய குடும்பம் நின்றுகொண்டிருந்தது. பிரசாதம் என்ற சொல் அவர்கள் காதிலும் விழுந்தது. செருப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"வேன்ல பெரியம்மா கீது, அதுக்கும் ஒரு கை குடுங்கம்மா" என்றார் ஒருவர்.

பிரசாதம் என்றால் ஒரு சிட்டிகை போதும். அம்மாவோ கல்யாணப் பந்தியில் பரிமாறுவதுபோலக் கரண்டி கரண்டியாக அள்ளி வைத்தாள். அப்பா தொண்டையைக் கனைத்தார், முழங்கையால் இடித்தார், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம் கொஞ்சமா குடு!"

"பெருமாள் பிரசாதத்துல போய் கணக்குப் பாக்கலாமாங்க?" ஊருக்கே கேட்கும்படி சொன்னாள் அம்மா. "தயிர்சாதமும் இருக்கு, எல்லாரும் வாங்கிக்குங்க."

காலித் தூக்குகளை செக்யூரிட்டி கும்பிட்டு உள்ளே அனுப்பினார்.

மத்தியானம் எங்கள் பசி அப்பாவின் பர்ஸைத் திறக்க வைத்தது. சோளா பூரி உண்மையிலேயே பந்து மாதிரிதான் வந்தது. அம்மா உடனே சாப்பிடவில்லை. விரலால் மெல்லக் குத்தி, ஆவி வெளியே வருவதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே அப்பாமேல் கோபமும் வந்தது.

அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் காசுக்கு எவ்வளவு மைதா வாங்கலாம் தெரியுமா?"

"வாங்கலாம்" என்றாள் அம்மா, பூரியைப் பிய்த்தபடி. "யார் பிசையறது?"

அப்பா தண்ணீர் குடித்தார். அம்மா இன்னொரு பூரி கேட்டாள்.