ஒரே மைக்கில் இரண்டு கோயில்

மைக் செட் போடுகிறவனுக்கு ஊரில் இருக்கிற எல்லாச் சாமியும் வாடிக்கையாளர்தான். ஏற்காடு பஜாரில் என் கடை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் நான்தான், எங்கள் பள்ளிவாசல் மீலாதுக்கும் நான்தான். மாதா கோயில் தேருக்கும் சபைக் கோயிலின் அறுப்பின் பண்டிகைக்கும் நான்தான். மதத்துக்கு மதம் சண்டை வந்தால் போலீஸ் வந்து பார்த்துக்கொள்ளும். ஒரே வேதத்தைப் படிக்கிற இரண்டு கோயிலுக்குள் சண்டை வந்தால் மைக் செட்காரனைத்தான் பிடிப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவராக இருந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் தருகிறேன்.

சுவிட்ச்

ஜனவரியில் கிறிஸ்தவ ஒற்றுமை வாரம் என்று ஒன்று வரும். வருஷம் முழுக்கத் தனித்தனியாகக் கும்பிடுகிற கத்தோலிக்க மாதா கோயில்காரர்களும் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்களும் அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் சேர்ந்து ஜெபம் செய்வார்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் என்று ஒன்று உண்டு, இருவருக்கும் பொது. பொது என்றால் முக்கால்வாசி பொது. மாதா கோயில்காரர்கள் ஓர் இடத்தில் ஆமென் சொல்லி முடித்துவிடுவார்கள். சபைக்காரர்களுக்கு அதற்கப்புறம் கடவுளைப் புகழ்ந்து இன்னும் ஒரு வரி உண்டு.

எனக்கு மாதா கோயில் பழக்கம் அதிகம். நவநாள் ஜெபங்களில் அந்த இடம் வந்ததும் மைக்கை நிறுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அன்றும் கை தன்னால் போய் நிறுத்திவிட்டது. பாதிக் கூட்டம் முடித்துவிட்டு நின்றது, மீதிப் பாதி மைக் இல்லாமலே அந்த வரியை உரக்கச் சொல்லி முடித்தது. ஜெபம் முடிந்ததும் ஆம்பிளிஃபையர் பக்கம் ஒருவர் வந்து நின்றார். ரிட்டயர்டு வாத்தியார் ஞானசிகாமணி, சபையில் மூப்பர். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"ஏனுங்க பாய், நாங்க ரோமாபுரியை விட்டுப் பிரிஞ்சு வந்ததுலேர்ந்து ஐநூறு வருசமா எங்க வாயை அடைக்கப் பார்த்தாங்க, முடியல. நீங்க ஒரே சுவிட்சுல முடிச்சுட்டீங்க."

ஒயர்

அதே சாயங்காலம் இன்னொரு காரியமும் நடந்தது. மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு மைக், சபைக் குழுவுக்கு ஒரு மைக் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இரண்டும் சம உயரத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனது. அன்றைக்கு இறங்கிய பனியில் ஒரு மைக்கின் ஒயர் உயிரை விட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் இரண்டு குழுவையும் ஒரே மைக் முன்னால் நெருக்கி நிறுத்தினேன். மாதா கோயில் ஸ்டெல்லாவும் சபைக் கோயில் டேனியலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாடினார்கள். பாட்டு நன்றாகவே இருந்தது.

ஸ்டெல்லா, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் அந்தோணிசாமியின் மகள். டேனியல், நான் வாயடைத்தேனே, அந்த வாத்தியாரின் மகன். கட்டினால் இன்னாரைத்தான் கட்டுவேன் என்று மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பேரும் வீட்டில் சொல்லிவிட்டார்கள். சொன்ன மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே ரைட்டர் வாசலில் நின்றார். கோபத்திலும் அவருக்கு மரியாதை குறையாது.

"ஏனுங்க பாய், ஒத்துமைன்னா ஒரு நாளைக்கு ஒத்துமைங்க. நீங்க ஆயுசுக்கும் ஒயர் இழுத்து உட்டுட்டீங்களே."

என் கடையில் ரோமாபுரி

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமாட்டார்கள். ஆகவே சம்பந்தம் பேசுவது என் கடையில் என்று ஆனது. மாதா கோயிலில் பூசையோடு தாலி கட்டினால்தான் கல்யாணம் என்றார் ரைட்டர். வேதத்தில் அப்படி எங்கே இருக்கிறது, வசனம் காட்டுங்கள் என்றார் வாத்தியார். அந்த வேதத்தில் எது சேரும், எது சேராது என்று பார்த்துக் கட்டிக்கொடுத்ததே எங்கள் திருச்சபைதான் என்றார் ரைட்டர். போப்பாண்டவர் பேதுருவின் வாரிசு என்கிறீர்களே, பேதுருவிடம் ஆண்டவர் கொடுத்த பரலோகச் சாவி ரோமாபுரிக்கு எந்த வழியாகப் போனது என்று வாத்தியார் கேட்டார். ஒருவர் ஃபாதர் சொன்னால் ஒத்துக்கொள்வார், மற்றவர் வசனம் சொன்னால் ஒத்துக்கொள்வார். யார் சொன்னால் இருவருக்கும் சரி என்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஸ்டெல்லா என்னிடம் முந்தின வாரம்தான் வந்து அழுதிருந்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகலாம் என்று டேனியல் கூப்பிடுகிறானாம். இரண்டு அப்பாவும் முன்வரிசையில் உட்காராத கல்யாணம் எனக்கு வேண்டாம், அதற்கு நான் கன்னியாகவே இருந்துவிடுகிறேன் என்றாள். விளையாட்டாகச் சொல்கிற பெண் இல்லை அவள். இவர்களோ பேதுருவை விட்டு இறங்குவதாகத் தெரியவில்லை. காதுகுத்துக்கு ஸ்பீக்கர் கேட்டு செம்மநத்தத்திலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் வெகுநேரமாக ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, கல்யாணம் புள்ளைங்களுக்குங்களா, இல்ல பேதுருவுக்குங்களா?"

இரண்டு மேய்ப்பர்கள்

இனி பெரிய இடத்தில்தான் முறையிட வேண்டும் என்று மாதா கோயில் ஃபாதரைத் தேடிப் போனேன். ஏரிக்கரை டீக்கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். போனால், எதிரில் சபையின் ஐயர், அதாவது அவர்களுடைய போதகர், உட்கார்ந்திருக்கிறார். ஆளுக்கொரு மிளகாய் பஜ்ஜி. இரண்டு பேரும் அவரவர் கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒழுகுவதில் ஒரு பேதமும் இல்லை போலிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தார்கள். ஃபாதருக்கு மேலே இருக்கிற ஆயரிடம் அனுமதி வாங்கி, கல்யாணம் மாதா கோயிலில் பூசையோடு நடக்கும். ஐயர் பக்கத்தில் நின்று ஜெபித்து ஆசி சொல்வார். வேத வாசிப்பு வாத்தியாருக்கு. பிறக்கிற பிள்ளை எந்தக் கோயில் என்பதை ஸ்டெல்லாவும் டேனியலும் பொறுமையாக உட்கார்ந்து பேசுவார்கள். இவ்வளவு சுலபமாகவா என்று நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து ஐயர் சிரித்தார்.

"எங்களுக்குள்ள தகராறு கம்மிங்க பாய். எங்க ஆடுங்கதான் மேய்ப்பனுக்கு மேல நொம்ப வேதம் படிச்சிருக்குது."

காலர் மைக்

வாத்தியார் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. இந்தத் தடவை நான் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. சத்தியம் செய்தேன். கையில் வேதம் இருக்கும், மைக் பிடிக்க முடியாது என்றதால் அவர் சட்டையில் காலர் மைக் மாட்டிவிட்டேன்.

கல்யாணத்தன்று கணீரென்று வாசித்தார். வாசித்துவிட்டு மைக்கோடு போய் முன்வரிசையில் ரைட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். செய்த சத்தியத்தை நினைத்து நானும் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த ஜெபம் வந்தது. மாதா கோயில்காரர்கள் வழக்கமான இடத்தில் நிறுத்தினார்கள். ஐயரும் சபைக்காரர்களும் விருந்தாளி மரியாதைக்கு நிறுத்தினார்கள். வாத்தியார் மட்டும் நிறுத்தவில்லை. மிச்ச வரி அவர் ஒருவர் குரலில் உள்ளே எல்லா ஸ்பீக்கர் பெட்டியிலும், வெளியே மரத்தில் கட்டிய குழாயிலும் முழங்கியது. டேனியல் தரையைப் பார்த்தான். ஸ்டெல்லா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சுவிட்ச் பக்கம் போன கையை நான் மறுபடி மடிக்கே இழுத்துக்கொண்டேன்.

ஃபாதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அமைதியாக ஒரு சின்ன ஜெபம் சொன்னார். அது முடிந்ததும் மாதா கோயில் ஜனம் மொத்தமும், ரைட்டர் உட்பட, ஒரே குரலில் ஒரு வரி சொன்னது. சொல் ஒன்றிரண்டு வேறு, மற்றபடி வாத்தியார் சொன்ன அதே வரி. ஒவ்வொரு பூசையிலும் சொல்கிற வரியாம். இத்தனை வருஷம் அந்தக் கோயிலில் மைக் போட்ட எனக்கே அது காதில் ஏறவில்லை. அந்த நேரத்தில் குனிந்து அடுத்த பாட்டுக்குக் கீபோர்டு ஒயரைச் செருகிக்கொண்டிருப்பேன்.

வாத்தியார் மெதுவாக ரைட்டர் பக்கம் திரும்பினார். காதோடு காதாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. அந்த வரி உங்களிடமும் இருக்கிறதா என்று அவர் கேட்டது பஜார் வரைக்கும் கேட்டது. ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் தடவையாக அவரை முறை சொல்லிக் கூப்பிட்டார். முதலில் சிரித்தது மணப்பெண்தான், அப்புறம் கோயிலே சிரித்தது.

"இருக்குதுங்க சம்பந்தி. நாங்க நடுவுல ஃபாதரை ஏத்திக்கிட்டு வர்றமுங்க, அதான் கொஞ்சம் லேட்டு."

அடுத்து கத்தோலிக்கர்களுக்கு மட்டும் கொடுக்கிற நற்கருணை அப்பத்தை வாங்கப் பாதிக் கோயில் எழுந்து போனது, பாதிக் கோயில் உட்கார்ந்தே இருந்தது, அதை ஒட்டுகிற ஒயர் என் கடையில் இல்லை. ஆனால் பந்தியில் பிரியாணி வந்தபோது மொத்தக் கோயிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.