பிறை தெரியாத மறுநாள்

பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலில் வேகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. நோன்புக் கஞ்சியின் வாசனை. தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்த அந்த வருஷத்துக்கு என்னைக் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ். ஆமத்தூர் வருவதற்குள் மடியில் நோட்டைப் பிரித்துவிடுவேன். நோட்டில் ஒரு நாவல். பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்பெயின். அங்கே ஒரு யூதக் கவிஞன். எபிரேயத்தில் எழுதுகிறான், சந்தத்தை மட்டும் அரபுக்காரர்களிடம் வாங்கிக்கொள்கிறான். பக்கத்து வீட்டில் காகிதம் விற்கும் முஸ்லிம் கூட்டாளி. எதிர்த்த தெருவில் கிறிஸ்தவத் திராட்சைத் தோட்டக்காரர். வடக்கிலிருந்து ஒரு படை, தெற்கிலிருந்து ஒரு படை. கவிஞன் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். கந்தக நெடியடிக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதுக்கு இந்த வேலை என்று யாராவது கேட்டால் நோட்டை மூடிவிடுவேன். அவனுக்கும் இருப்புக்கொள்ளாது, எனக்கும் இருப்புக்கொள்ளாது.

அதை முழுசாகப் படித்தவன் ஒரே ஒருத்தன். எங்கள் கம்பெனியில் ஆப்செட் மெஷின் ஓட்டியவன். என் வயசு, முஸ்லிம். என்னை மாப்ளே என்பான், நான் அவனை மச்சான் என்பேன். எங்கள் பக்கம் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் பேப்பர் பண்டலில் சாய்ந்து படிப்பான். திரும்பி வரும் பக்கங்களில் அவன் விரல் மை இருக்கும்.

அந்தத் தீபாவளி முடிந்ததும் அவன் மலேசியா போவதாக இருந்தது. அங்கே அவன் மச்சினர் அச்சகம் வைத்திருந்தார். ரெண்டு வருஷமா பத்து வருஷமா, அவனுக்கே தெரியாது. பெருநாளுக்கு மறுநாள் சாயங்காலம் விருதுநகரில் ரயில் ஏற டிக்கெட் போட்டிருந்தான்.

எனக்கு யாரையும் வழியனுப்பத் தெரியாது. தங்கச்சி புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோது மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்றைக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். அது பொய் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. இவனையும் அப்படியே விட்டுவிடுவேனோ என்று ஒரு மாசமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெருநாளன்று போவது. வீடு நிறைய ஆள் இருக்கும், பிரியாணி, அத்தர், பிள்ளைகள் கூச்சல். அந்தச் சந்தடியில் கையைக் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம். ரயிலடிக்குப் போகவேண்டியதில்லை.

காலண்டரைப் பார்த்தேன். நானே புரூஃப் பார்த்தது. ஒவ்வொரு தாளிலும் மூணு மதத்துக்கும் ஆளுக்கொரு வரி ஒதுக்கியிருப்போம். ரம்ஜான் பண்டிகை என்று சிவப்பில் போட்டிருந்த தேதியில், தூக்குச்சட்டி நிறைய அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு காலையிலேயே சிவகாசியில் அவன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெரு அமைதியாக இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்த அவன் மனைவி தூக்குச்சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ராத்திரி மேகம் மூடிப் பிறை தெரியலண்ணே, இன்னைக்கும் நோன்புதான் என்றாள். உள்ளே அவன் சிரிப்பது கேட்டது.

"வாங்க காலண்டர்காரரே. உங்க கம்பெனி அச்சடிச்சா பிறை வந்துருமாக்கும்?"

வீட்டில் வேறு ஆளில்லை. கயிறு போட்டுக் கட்டிய ரெண்டு பெட்டிகள் மட்டும். ஒளிந்துகொள்ள ஒரு கூட்டம் கிடையாது. அவன் என் நாவலின் கடைசி அத்தியாயத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். அதில் கவிஞன் தன் வேலைக்காரனிடம் சொல்கிறான், நாளை மறுநாள் முஸ்லிம்களுக்குப் பெருநாள், ஊர் அசந்திருக்கும், யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிடுவோம் என்று. அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

யூதர்கள் அந்தக் காலத்திலேயே நாள் கணக்கை வகுத்து வைத்திருந்தார்கள் என்று வாதாடினேன். அவுக பண்டிகைக்கு அவுக கணக்கு, சரி. பக்கத்து வீட்டுப் பண்டிகைக்கு யாரைக் கேட்டான் என்று அவன் திருப்பிக் கேட்டான். கூட்டாளி மாடியில் நின்று பிறைக்காக மேற்கே அண்ணாந்து பார்க்கும்போது இவனும் ஒரு வருஷமாவது கூட நின்றிருக்க வேண்டாமா. நின்றிருந்தால் ரெண்டு நாள் முன்னாடியே தேதி சொல்லுவானா.

"அவன் ஊரவிட்டுப் போறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர் விக்கிற கூட்டாளிட்ட சொல்லாமப் போறான் பாத்தியா, அதான் மாப்ளே."

படை வருகிறது, உயிருக்கு ஆபத்து, நேரமில்லை என்று என்னென்னவோ அளந்தேன். அவன் முழுசாகக் கேட்டு முடித்தான்.

"நாளைக்கு ரயிலடிக்கு வரமாட்டேல்ல. அதுக்குத்தான இன்னைக்கே பலகாரத்தோட வந்துட்டே?"

நான் தரையைப் பார்த்தேன். அவன் மனைவி எனக்கு மட்டும் காபி போட்டு வைத்திருந்தாள். குடிக்க மனசு வரவில்லை, ஆடை படிந்து ஆறியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை இருந்துவிட்டுப் போ என்றான். வாசலுக்கும் மாடிப்படிக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ. ஒவ்வொரு தடவையும் செருப்பில் பாதிக் கால் நுழைந்து திரும்பியது. அந்திக்கு மூணு பேரும் கஞ்சி குடித்தோம். முப்பது நோன்பும் முடிந்தது. இனிப் பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மறுநாள் பெருநாள். டிக்கெட்டும் அன்றைக்குத்தான், அவன் தொழுதுவிட்டு, சாப்பிட்டு, அப்படியே ரயிலுக்கு வரவேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து வட்டம் போட்ட வரியை அடித்தேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்கு அவனுக்கு முன்னாடியே போய்விட்டேன். போனேனே தவிர நின்றேனா? தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். வாரப் பத்திரிகை வாங்கப் போனேன். இன்னொரு தண்ணீர் பாட்டில். அவன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது, கோச் எந்த இடத்தில் நிற்கும் என்று விசாரிக்கப் போனேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி வந்தது. இங்கே ரெண்டு நிமிஷம்தான் நிற்கும். ரெண்டு நிமிஷம் எம்புட்டு நீளம். பெட்டிகளை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தவனிடம் கையை நீட்டினேன். என் முகம் அதற்குள் வெளிவாசல் பக்கம் திரும்பியிருந்தது. அவன் கையை விடவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வண்டி கெளம்புற வரைக்கும் நில்லு மாப்ளே."

"நிக்கேன் மச்சான்."