வேல்விழி ஏற்றிய முன்னூற்றுப் பதினெட்டுப் பேர்

விருத்தாசலத்தில் செராமிக் வேலைக்குப் போனவர்களுக்கு இருமல் வந்தால் காசநோய் என்றுதான் முதலில் சொல்வார்கள். வேல்விழியின் அப்பா கொளஞ்சிநாதனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மூன்று தடவை, தடவைக்கு ஆறு மாதம் மாத்திரை விழுங்கினார். சளியில் ஒருமுறைகூடக் கிருமி தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் வெள்ளைக்கல் மாவு அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். கடைசியில் புதுச்சேரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்று அவர் சொன்ன பதினேழாம் நாள் கொளஞ்சிநாதன் இறந்தார். ஐம்பத்து மூன்று வயசு.

அப்போது வேல்விழி சென்னையில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காரியம் முடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி ஒரே நாளில் நூற்றுச்சொச்சம் பேரை நிறுத்தியபோது அவளையும் நிறுத்தியது. கல்யாணம் அதற்கு முன்பே முறிந்திருந்தது. முப்பத்து நாலு வயசில் அம்மாவோடு வந்து இருந்துகொண்டு, வெளியூர்க் கம்பெனிகளுக்குத் துண்டு துண்டாக வேலை செய்து கொடுத்தாள்.

ஓர் ஆவணி மாதக் காலையில் மாயவன் வந்தார். கொளஞ்சிநாதன் வேலை செய்த அதே யூனிட்டில் சூளை அடுக்கியவர். இப்போது அவருக்கும் மூச்சு சரியில்லை. பத்து அடி நடந்தால் நின்று, எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்து, மறுபடி நடப்பார். தூசி நோய் கண்ட தொழிலாளிகளுக்காக ஒரு சின்னச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். டி.வி.எஸ். வண்டியில் இரண்டு உர மூட்டைப் பை. பை நிறையக் காகிதம். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே கவர், ஊதிப் பார்க்கிற டெஸ்ட்டின் முடிவு, வாரக் கூலி எழுதிய அட்டைத் துண்டு, எப்போதோ ஆயுத பூஜைக்கு எல்லாரையும் நிற்க வைத்து எடுத்த போட்டோ. நிவாரணம் கேட்டு வக்கீல் மனுப் போட்டிருக்கிறார், சித்திரையில் மருத்துவக் குழு வந்து விசாரிக்கும், அதற்குள் யார் யார், எங்கே எத்தனை வருஷம் வேலை செய்தார்கள், என்ன நோய் என்பதையெல்லாம் ஒழுங்கு பண்ணித் தர வேண்டும் என்றார்.

"ஒங்கப்பன் சீட்டும் இதுலதான் இருக்குது பாப்பா. அதுக்காக நீ செய்யணும்னு சொல்லல. எங்களுக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர்காரங்க வேற யாரும் இல்ல."

அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

கட்டம் போட்ட ரிஜிஸ்டரில் அடங்குகிற காகிதங்கள் இல்லை அவை. ஒருவருக்கு நாலு எக்ஸ்ரே இருந்தது, வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லை. இன்னொருவருக்கு மூன்று யூனிட்டின் கூலி அட்டை இருந்தது, டாக்டர் சீட்டு ஒன்றுகூட இல்லை. அதனால் நோ-எஸ்.க்யூ.எல். என்கிற வகை டேட்டாபேஸை எடுத்துக்கொண்டாள். அதில் ஆளுக்கு ஒரு கவர் போட்டு, அவரிடம் இருப்பதை மட்டும் உள்ளே வைத்தால் போதும். இல்லாததற்காகக் காலிக் கட்டம் விட வேண்டியதில்லை.

ஆதாரமே இல்லாதவர்களிடம் வாக்குமூலம் வாங்கச் சொல்லியிருந்தார் வக்கீல். மாயவனோடு போய், போனில் குரலைப் பதிந்தாள். என் பேரு இன்னது, இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரைக்கும் இந்த யூனிட்டில் இந்த வேலை செய்தேன், கூட வேலை செய்தவர்கள் இன்னார் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமினார்கள். அதையும் வெட்டாமல் வைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த பாதிப் பேர் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு யூனிட்டின் மேனேஜர் மாயவனை டீக்கடையில் மடக்கி, யார் பேரெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். தெரிந்த கம்பெனியின் சர்வரில் வைத்தால் நாளைக்கு யாராவது ஒரு நோட்டீஸ் அனுப்பி எடுக்கச் சொல்லலாம் என்று அவள் பயந்தாள். அதனால் பரவலாக்கப்பட்ட கிளவுட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு ஒற்றை முதலாளி கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் மிஷினில் மிச்சமிருக்கும் இடத்தை வாடகைக்கு விடுவார்கள். எனக்கு இவ்வளவு இடம், இவ்வளவு வேகம் வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதிப் போட்டால், நான் தருகிறேன் நான் தருகிறேன் என்று ஏலம் கேட்பதுபோல் வருவார்கள். நாலு பேர் வந்தார்கள். போலந்து நாட்டு மிஷின் ஒன்றை எடுத்தாள். பத்து நிமிஷத்தில் டேட்டாபேஸ் அங்கே ஓடத் தொடங்கியது.

மாயவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மிஷின்காரர் யார் என்று கேட்டார். தெரியாது என்றாள். அவருக்கு நம்மைத் தெரியுமா என்றார். தெரியாது, அதுதான் நமக்குப் பாதுகாப்பு என்றாள். அவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து, அவள் ஏற்ற ஏற்ற, வீடு வீடாகப் போய், எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே கவலையில்ல என்று சொல்லிக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு அவள் போட்டது ஒரு சோதனை ஓட்டம்தான். அந்த ஃபைலில் நிலையான சேமிப்பு வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால், மிஷின் நின்று மறுபடி கிளம்பும்போது உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஓடுகிறதா என்று பார்க்கத்தானே, நாளைக்கு ஒழுங்காகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாள் பதினோரு பேரின் கவர் வந்தது. அதற்கு மறுநாள் இருபது. மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் இறக்கி, நிறுத்தி, புதிதாகப் போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். புரட்டாசியில் அறுபத்தொரு பேர் ஆனபோது ஒரு பிரதி எடுத்து லேப்டாப்பில் வைத்தாள். பிறகு லேப்டாப்பிலும் போனிலும் இடம் நிறைந்து, எக்ஸ்ரே படங்களையும் குரல்களையும் மேலே ஏற்றிய கையோடு இங்கே அழித்துக்கொண்டே போனாள். அந்த ஒரு வரி மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

ஐப்பசியில் கார்முகில் பேசினான். அவனுக்கு வயசு நாற்பத்தொன்று. ஒன்பது வருஷம் மாவு சலிக்கிற அறையில் இருந்தவன். அந்த யூனிட்டில் கூலிக்குச் சீட்டே கிடையாது. அவனோடு அதே அறையில் இருந்த மூன்று பேரும் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் நிறுத்தி நிறுத்திப் பேசினான். அறைக்கு ஜன்னல் இல்லாதது, ஓனர் வாசலில் மாற்றி மாற்றி மாட்டிய இரண்டு கம்பெனிப் பெயர், எந்தத் தீபாவளிக்கு எந்த ஆள் படுக்கையில் விழுந்தான் என்பது, எல்லாம் சொன்னான். அவன் மனைவி அமுதவள்ளி அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். கார்த்திகை மழையில் மணிமுத்தாற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியும் நனைந்தது. எக்ஸ்ரே ஒன்றோடொன்று ஒட்டிப் பாழானது. போனால் போகட்டும், கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றான் கார்முகில். தை மாதம் அவன் இறந்தான்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, புதிதாக நாலு பேரை ஏற்றலாம் என்று வேல்விழி உட்கார்ந்தாள். டேட்டாபேஸ் சரியாகத் திறந்தது. எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் பூஜ்யம் என்று காட்டியது. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து வெளியே போய் மறுபடி வந்தாள். பூஜ்யம். மிஷினில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கிற லாக் ஃபைலைப் படித்தாள். அன்று விடியற்காலை நாலு மணி சொச்சத்துக்கு மிஷின் மறுபடி கிளம்பியிருந்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டும் வரை வேல்விழி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

போலந்துக்காரருக்கு எழுதினாள். இரண்டாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். மிஷினில் ஒரு பாகத்தை மாற்றினோம், நிலையாக வைக்கச் சொல்லியிருந்தவர்களுடையதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, உங்கள் ஃபைலில் அப்படிக் கேட்கவில்லை, வருந்துகிறோம். மேலே எழுதி முறையிட ஆள் இல்லை. யாரும் வந்து மிரட்டி எடுக்க முடியாத இடம் என்று தேடித்தான் அவள் அங்கே போனாள். முறையிடவும் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

மிஷின்மேல் பழி போட்டுவிடலாம் என்று அந்த இரண்டு நாளும் தோன்றிக்கொண்டே இருந்தது. வைரஸ் என்றால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். மூன்றாம் நாள் சங்க அறைக்குப் போய், மாயவனிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரு வரி எழுதாமல் விட்டேன், எழுத வேண்டும் என்று தெரிந்தே விட்டேன் என்றாள்.

மாயவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எத்தன பேரு மிச்சம்?"

"அறுபத்தொன்னு மாமா."

"அவங்களா குடுத்த காயிதம். நாந்தான் இனிமே கவலையில்லன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தேன்." பிறகு வண்டிச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "என்னால இனிமே ஓட்ட முடியில. நீ ஓட்டு. நான் பின்னால குந்திக்கிறேன்."

சித்திரைக்கு ஐம்பது நாள்கூட இல்லை. இருநூற்று ஐம்பத்தேழு வீடு ஏற வேண்டும். வெளியூர் வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேல்விழி வண்டியை எடுத்தாள். மங்கலம்பேட்டை, கருவேப்பிலங்குறிச்சி, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமங்கள் வரை போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவளே சொன்னாள், தொலைத்தது நான்தான் என்று. சிலர் பேசாமல் பையை எடுத்து வந்து கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெரியவர், ஒங்கப்பனும் இதே நோவுலதானே போனான், ஒனக்கு எப்படிம்மா மனசு வந்தது என்று கேட்டார். சிலர் திருப்பூருக்குப் போயிருந்தார்கள், போன் எடுக்கவில்லை. மழையில் காகிதம் போனவர்கள் நிறைய. பதினாலு பேர் உயிரோடு இல்லை. அவர்களில் ஒன்பது பேருக்குக் குரலைத் தவிர வேறு ஆதாரம் இருந்ததில்லை.

கார்முகில் வீட்டுக்குப் போவதை அவள் கடைசி வரை தள்ளிப்போட்டாள். பங்குனி முடிகிற வாரம் போனாள். மாயவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அமுதவள்ளி பாயை விரித்து உட்காரச் சொன்னாள். வேல்விழி நடந்ததைச் சொன்னாள். பட்டியலில் அவர் பேர் இருக்காதா என்று அமுதவள்ளி கேட்டாள். பேர் இருக்கும், ஆனால் காட்ட ஒன்றும் இருக்காது என்றாள் வேல்விழி. அமுதவள்ளி இன்னொன்று கேட்டாள்.

"அவரு பேசுனது மட்டுமாவது எங்கியாச்சும் கெடக்குமா? ஒரு துண்டு இருந்தாக்கூட போதும். சின்னவளுக்கு அவரு கொரலு மறந்துபோச்சுங்க. நேத்து கேட்டுச்சு, அப்பா எப்படிப் பேசுவாருன்னு."

"இல்லைங்க. எங்கயும் இல்ல."

அமுதவள்ளி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று வேல்விழிக்கு இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தவள், தெருமுனையில் வண்டியை ஸ்டாண்டு போட்டு, அங்கேயே நின்று அழுதாள்.

சித்திரையில் மருத்துவக் குழு வந்து மூன்று நாள் உட்கார்ந்தது. இருநூற்று முப்பத்திரண்டு பேரின் கவரை வக்கீல் கொடுத்தார். மீதி எண்பத்தாறு பேரை வாய்வார்த்தையாகச் சொன்னார். குழுவின் தலைவர் கேட்டுக்கொண்டு, ஆதாரத்தோடு வருகிறவர்களை மட்டும் எடுக்க முடியும் என்றார். கொளஞ்சிநாதனின் கவர் முதல் அறுபத்தொன்றில் இருந்தது. அவளே முதல் நாளில் ஏற்றியது. அவர் பெயர் ஏற்கப்பட்டது. அந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு மூன்று நாள் ஆனது. கார்முகிலின் பெயர் ஏற்கப்படவில்லை.

வேல்விழி சங்க வேலையை விடவில்லை. நிலையான சேமிப்போடு புதிதாகப் போட்டாள். வாரம் ஒரு பிரதி வக்கீலிடமும் ஒன்று சங்கத்திலும் ஒன்று தன்னிடமும் இருந்தது. மாயவனால் வைகாசிக்குப் பிறகு வண்டியின் பின்னால்கூட உட்கார முடியவில்லை. அவர் வாக்குமூலத்தை இரண்டு தடவை பதிந்தாள்.

ஆடி மாதம், வேலை செய்துகொண்டிருக்கிறவர்களின் பேரை இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்று வக்கீல் சொன்னதால், வேலை விடுகிற நேரத்துக்கு ஒரு யூனிட் வாசலில் போய் நின்றாள். வெள்ளை படிந்த தலையோடும், வாயில் கட்டிய ஈரத் துண்டோடும் பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் அமுதவள்ளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அமுதவள்ளி துண்டை அவிழ்த்து, புருவத்திலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

வேல்விழி கையிலிருந்த போனில் பதிவைத் தொடங்கினாள். மற்றவர்களிடம் கேட்பதையே கேட்டாள்.

"எப்ப சேந்தீங்க?"

"வைகாசியில," என்றாள் அமுதவள்ளி. "சலிக்கிற ரூமு." பிறகு, பதிகிறதா என்று போனைக் கிட்டத்தில் குனிந்து பார்த்துவிட்டு, தன் பெயரையும், புருஷன் பெயரையும், யூனிட்டின் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.