காங்கேயத்தில் அணைந்த லேப்டாப்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓடுகிற மோட்டார் மேல் புறங்கையை வைத்தால் போதும், உள்ளே சுற்றிய காயில் கம்பி கருகப் போகிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். சிங்காநல்லூரில் மெஷின் செய்யும் என் பட்டறைக்கு இன்ஜினியர்களே வந்து கேட்டுப் போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை. அப்பேர்ப்பட்டவன் மானத்தை ஒரு லேப்டாப் வாங்கியது.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வட்டாரப் பட்டறைக்காரர்களில் முதலில் லேப்டாப் வாங்கியவன் நான்தான். காரமடையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து எனக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருந்த பெண்தான் அதை இயக்குவாள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு திடீரென்று தோசைக்கல் மாதிரி சுட ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓடும், தானாக அணைந்துவிடும். அவள் பவர் செட்டிங்கில் போய் பிராசசர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். சூடு அடங்கியது. ஆனால் ஒரு படம் திரையில் வருவதற்குள் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

"ஏனம்மணி, இத்தன பெரிய சாமானை வாங்கிப்போட்டு அரை வேகத்துல ஓட்டறதா?"

"முழு வேகம் வெச்சா சூடாகி அணைஞ்சு போகுதுங்கய்யா. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டலாங்க."

"மோட்டார் சூட்டையே கையில பாக்கறவன் நானு. இதுக்கு ஒரு கடைக்காரனா?"

பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்தேன். அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கினேன். செட்டிங்கை ஏற்றுவதும் இறக்குவதுமாக மூன்று வாரம் போனது.

அந்தச் சமயம் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்காரர், கொப்பரை பிழிய எட்டு எக்ஸ்பெல்லர் புதிதாகப் போடுவதாக இருந்தார். எட்டும் கிடைத்தால் என் பட்டறைக்கு ஒரு வருட வேலை. மெஷின்கள் எப்படி நிற்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டுங்கள், அன்றைக்கே முடிவு சொல்கிறேன் என்றார். "பேப்பர்லயும் ஒண்ணு எடுத்துக்கலாங்கய்யா" என்றாள் அந்தப் பெண். பேப்பரைத் தூக்கிக்கொண்டு போவதற்கா லேப்டாப் வாங்கினேன்? வேண்டாம் என்றுவிட்டேன்.

மில் ஆபீஸுக்குத் தகரக் கூரை, உச்சி வெயில். முழு வேகம் வைக்கச் சொன்னேன். மூன்றாவது மெஷின் வரும்போது திரை கறுத்தது. மறுபடி போட்டோம், இரண்டாவதிலேயே போனது. அரை வேகத்துக்கு இறக்கினாள். படம் கோடு கோடாக ஊர்ந்தது.

"ஏனுங்க, நான் போய் சாப்பிட்டுப்போட்டு வரட்டுங்களா?" என்றார் மில்காரர்.

ஆத்திரத்தில் லேப்டாப்பைத் தூக்கிப் பின்பக்கம் தெரியத் திருப்பினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இதென்னங்க, காத்துப் போற ஓட்டைல மஞ்சளா அப்பியிருக்குது?"

சந்தனம். ஆயுத பூஜையன்று லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வைத்த கையோடு, லேப்டாப்புக்கும் மூன்று விரலால் பட்டை இழுத்துக் குங்குமம் வைத்தவன் நானேதான். சல்லடை மாதிரி இருந்த அந்த இடம்தான் வாகாகத் தெரிந்தது. உள்ளேயிருக்கும் குட்டி ஃபேன் அதன் வழியாகச் சூட்டைத் தள்ளும் என்று யார் கண்டது?

"உனக்குத் தெரியலையா அம்மணி?"

"தெரிஞ்சுதுங்கய்யா. பூசை வெச்சதத் தொடைக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. அதுக்குத்தானுங்க கடைக்குக் கொண்டு போலாம்னேன்."

மில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் ஊக்கால் சுரண்டி எடுத்தாள். ஆறவிட்டு, முழு வேகத்தில் போட்டதும் எட்டு மெஷினும் மளமளவென்று வந்து வரிசையாக நின்றன.

"படம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் அவர். "ஆனா சூடு எதனாலன்னு பாக்காம வேகத்தைக் கொறைச்சுப்போட்டு ஒக்காந்திருக்கீங்க. எம்பட மெஷின் சூடானாலும் இதையேதான பண்ணுவீங்க? இப்பைக்கு ரெண்டு போடுங்க. மத்ததை அப்பறம் பாக்கலாம்."

முப்பது வருடம் மோட்டாரோடு கிடந்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? சரிங்க என்றேன்.

அந்த இரண்டையும் ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்து கொடுத்தேன், அதில் சந்தேகமே வேண்டாம். மற்ற ஆறும் என் பட்டறையில் பாதி அளவே உள்ள பட்டறை வைத்திருந்த ஒருவனுக்குப் போயின.