துபாய்க்காரரும் சயனைடு மேடும்

பெங்களூருக்குப் போகிற காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எல்லோரும் தூங்குவார்கள். அன்று நான் தூங்காமல் போனில் ஒரு ஆவணப்படம் பார்த்தேன். இணையத்தில் பழகி ஏமாந்தவர்களைப் பற்றியது. முகத்தை மங்கலாக்கி, குரலைத் தவளைக் குரலாக்கி, ஒரு பெண்ணை அழவைத்துக்கொண்டிருந்தார்கள். ஏமாற்றுக்காரனின் லட்சணங்களை ஒரு நிபுணர் சொன்னார்: வெளிநாட்டில் இருப்பான், வீடியோ காலுக்கு வரமாட்டான், நேரில் பார்க்கலாம் என்றால் லீவு இல்லை என்பான்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் பயப்படுவதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம். எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறி, கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி கோரமண்டலிலேயே இறங்கி வீட்டுக்கு ஓடியவள். நிபுணர் சொன்னது அத்தனையும் என் தங்கையின் ஆளுக்குப் பொருந்தியது.

தங்கைக்கு முப்பத்தெட்டு வயது, கார்மெண்ட்ஸில் தையல் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு வருடமாக, துபாயில் சூப்பர்வைசர் என்று சொல்லும் ஒருவரோடு மெசேஜில் பேசிக்கொண்டிருந்தாள். அவருக்காக, தேடி வந்த நல்ல வரன் ஒன்றையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனதும் அவளுடைய போனை எடுத்தேன். தப்புதான். ஆவணப்படத்தில் குடும்பத்தார் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அவர் அனுப்பிய படத்தில் தொப்பி, கூலிங்கிளாஸோடு ஒரு ஆள். பின்னால் மணல் மலை. 'பாலைவனத்தில் நான்' என்று எழுத்து வேறு. பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறச் சரிவில் மழை அரித்த பள்ளங்கள். ஓரத்தில் கழுத்தில் நீலக் கயிறோடு ஒரு ஆடு.

எங்கள் சயனைடு மேடு! சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு சுரங்கக் கம்பெனி எங்களுக்கு விட்டுப்போன மண். காற்றடித்தால் சோற்றில் விழுகிற மண் எனக்குத் தெரியாதா?

தலையில் துண்டோடு அவள் வந்தாள்.

"அடியே, அவன் துபாய்லயே இல்ல! நம்ம மேட்டுல நின்னுகினு உன்ன ஏமாத்துறான்!"

"தெரியும்."

"இன்னாது?"

"மூணாவது நாளே தெரியும்க்கா. அந்த ஆடு பின்னாடி லைன் வூட்டு ஆடு."

"அப்போ ஏன்டி கேக்கல?"

"கேட்டா, நீ எங்க கீறேன்னு அவரு கேப்பாரு. நான் பெங்களூர்ல பேங்க் ஆபீசருன்னு சொல்லி வச்சிகீறேன்."

ஆவணப்படமாக இருந்தால் இந்த இடத்தில் சோக இசை வரும். எங்கள் வீட்டில் குக்கர் விசில் வந்தது.

"கல்யாணம் ஆனவனா இருந்தா?" என்றேன்.

அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். ஒரு வருடமாக அவள் பயந்ததும் அதற்குத்தான். பயத்தில் அவள் எனக்குக் கூடப்பிறந்தவள்தான் என்று அன்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேட்டில் ஏறினோம். அதே சரிவில், கழுத்தில் கார்மெண்ட்ஸ் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுத் தங்கை நின்றாள். நான் படம் எடுத்தேன். அனுப்பினாள்: 'நானும் துபாய் வந்துட்டேங்க. பேங்க்ல இல்ல, டைலரு. நீங்க இன்னா? கல்யாணம் ஆச்சா?'

பதில் வருவதற்குள் நான் மூன்று முறை செத்தேன்.

'பக்கத்துல மாரிகுப்பம்தாங்க. பெங்களூர்ல செக்யூரிட்டி. மனைவி தவறி நாலு வருசம் ஆச்சு. தலைல முடி இல்ல. மன்னிச்சிடுங்க.'

தங்கை இரண்டு முறை படித்தாள். "முடி இல்லன்றத ஒரு வருசமா மறைச்சிகீறாரு பாரேன். ஃப்ராடு!"

"வரச் சொல்லுடி," என்றேன். "அத்தாட்சியோட."

அடுத்த ஞாயிறு வந்தார். உட்காருவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஆதார், ரேஷன் கார்டு, மனைவியின் இறப்புச் சான்றிதழ் மூன்றையும் என் முன்னால் வைத்தார். தங்கை கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் எழுத்துக் கூட்டி, கன்னடத்தில் இருந்த மூன்றையும் படித்து முடித்தேன்.

"டீ போடுடி," என்றேன்.